பதினாலு சக்கர அத்தான்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் ஒரு பொருளை அது இருக்கிறபடியே விட்டுவைத்து நான் பார்த்ததில்லை. கடையில் வாங்கிய செருப்பை அப்படியே காலில் மாட்டிக்கொண்டு நடக்கிற மனிதர்களை அவர் ஒருவித இரக்கத்தோடு பார்ப்பார். அவர் புதுச் செருப்பு வாங்கினால் முதல் வேலையாக வாரைப் பிரித்து, இரண்டு துளை தள்ளி மாட்டி, குதிகாலில் சைக்கிள் டயர் துண்டு ஒன்றை வைத்துத் தைப்பார். அதற்கப்புறம் அந்தச் செருப்பு நடக்கும்போது சொதக் சொதக் என்று சத்தம் போடும். அத்தான் வருகிறார் என்பது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். எங்களுக்கும் அதில் ஒரு வசதி இருந்தது. கண்ணில் படுகிற பொருட்களை எல்லாம் எடுத்து ஒளித்துவைக்க நேரம் கிடைத்தது.

அவருக்குக் காரைக்காலில் நில அளவை ஆபீசில் வேலை. வயல், வாய்க்கால், மனைக்கட்டு எல்லாவற்றையும் சின்னதாக்கிக் காகிதத்தில் வரைய வேண்டும். அதனாலோ என்னவோ, இந்த உலகமே யாரோ அவசரத்தில் வரைந்து, சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்ட படம் என்று அவர் நினைத்தார். சட்டைப் பையில் அரையடி ஸ்கேலும் ஒரு பூதக்கண்ணாடியும் எப்போதும் இருக்கும். "கம்பெனிக்காரன் பாதிதான் செஞ்சு அனுப்புவான். மீதி நம்ம கையிலதான் இருக்கு" என்பார். அவர் அந்த மீதியைச் செய்து முடிக்கும்போது கம்பெனிக்காரன் செய்த பாதியும் காணாமல் போயிருக்கும். அக்காவுக்கு அது தெரியும். ஆனால் வாய் திறக்கமாட்டாள். அவள் சுபாவம் அப்படி. அவளுக்கும் சேர்த்து நான் பேசினேன்.

எங்கள் பக்கத்தில் அத்தானைக் கேலி செய்ய மச்சினிக்கு முழு உரிமை உண்டு. அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நான் அந்த உரிமையை ஒரு நாள்கூட வீணாக்கியதில்லை. "இன்னிக்கு எதை ஒடச்சீங்க அத்தான்?" என்றுதான் அவரை வரவேற்பேன். அவரும் ஒரு நாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு, நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் காலைக் குனிந்து பார்ப்பார்.

நான் அப்போது வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் தையல் மிஷினின் பெல்ட் அடிக்கடி வழுக்குகிறது என்று அக்காவிடம் சொன்னேன். அவரிடம் சொல்லவில்லை. எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. நான் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் வந்து, பெல்ட்டை எட்டு மாதிரி குறுக்கே திருப்பி மாட்டி வைத்திருந்தார். பெல்ட் வழுக்கவில்லை, உண்மைதான். ஆனால் மிஷின் எதிர்ப்பக்கமாக ஓடியது. நான் மிதிக்கிற வழக்கத்தையே தலைகீழாக மாற்றிக்கொண்டால்தான் ஊசி ஒழுங்காக இறங்கும். "பழகிட்டா சுலபம்" என்றார். மூன்று நாள் பழகினேன். நான்காம் நாள் ஒரு ஆசிரியையின் ரவிக்கைக் கை அதன் முதுகுத் துணியோடு சேர்ந்து தைபட்டுப் போனது. பெல்ட்டைக் கழற்றிப் பழையபடி மாட்டிக்கொண்டேன். அவர் வருகிற சத்தம் கேட்டால் மட்டும் மிஷினைப் போர்வையால் மூடுவேன்.

என் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழி காட்டும் படம் ஒன்றை வரைகிறேன் என்று அவராகவே ஏற்றுக்கொண்டார். பத்து நாள் ராப்பகலாக வரைந்தார். அரசலாறு அதன் வளைவு நெளிவோடு இருந்தது. வாய்க்கால்கள், மதகு, மூன்று கிணறு, ஒரு கல்லறை, வடக்கு எது என்று காட்டும் அம்பு, இத்தனைக்கு இத்தனை என்று அளவுக் குறிப்பு, எல்லாம் இருந்தன. மண்டபம்தான் இல்லை. அதை எழுத இடம் போதவில்லையாம். மாப்பிள்ளை வீட்டு வேன் அந்த அம்பை நம்பிப் போய் ஐஸ் பேக்டரி வாசலில் நின்றது. பெண் அழைப்பு முடிந்த பிறகு என் வருங்கால மாமனார் ஈரக் காலோடு வந்து இறங்கினார். "படம் நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அத்தான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கப்பா இறந்த அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாடை கட்டி முடித்துத் தூக்கப் போகிற நேரத்தில் அத்தான் கையைக் காட்டி நிறுத்தினார். ஸ்கேலை எடுத்து அளந்தார். ஒரு பக்கம் மூன்று விரற்கடை நீளமாக இருக்கிறது, கட்டும் சரியில்லை, பிரித்துக் கட்ட வேண்டும் என்றார். முக்கால் மணி நேரம் ஊரே வெயிலில் நின்றது. கடைசியில் எங்கள் பெரியப்பா பொறுக்கமுடியாமல், "விடுங்க மாப்ள, போறவரு விழுந்தாலும் அவருக்கு வலிக்காது" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக இருவர் மேலும் எனக்கு இன்றுவரை அன்பு உண்டு. அத்தான் சிரிக்கவில்லை. அவர் கட்டி முடித்த பாடை ஒரு பக்கம்கூடச் சாயாமல் போனது. அவருக்குத் தெரிந்த விதத்தில் அது அவர் செய்த மரியாதை.

இதெல்லாம் கேலியோடு போகிற விஷயங்கள். வண்டி விஷயம் அப்படிப் போகவில்லை.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்தச் சொல்தா போய்ச் சேர்ந்து வெகுநாளாகி, அவர் மனைவி மட்டும் தனியாக இருந்தார். பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவருக்கு ஒரே பிள்ளை. இருபது வயதில் பிரான்சுக்குப் போய், அங்கே ட்ரெய்லர் லாரி ஓட்டுகிறவன் ஆனான். முன்னால் இன்ஜினும் கேபினும் தனியாக, பின்னால் நீளமான பெட்டி தனியாக, நடுவில் ஒரு கொக்கியில் கோத்துக்கொண்டு போகிற வண்டி. அந்த மாதிரி வண்டியை அப்போது எங்கள் ஊர்ச் சாலையில் யாரும் பார்த்ததில்லை.

அம்மாவுக்குக் காட்டுவதற்காக அதே வண்டியைச் சின்னதாக ஒன்று செய்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை அவனே ஒட்டியிருந்தான். ஒன்றரை முழ நீளம், பதினாலு சக்கரம். அவன் வேலை செய்த கம்பெனி வண்டியின் நீல நிறத்தையே அடித்திருந்தான். பெயின்ட் அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தது, பசை வழிந்து காய்ந்திருந்தது. கேபினுக்குள் விரல் நுனி அளவில் ஒரு டிரைவர். பொம்மை வெள்ளைக்காரனாகத்தான் வந்திருக்கிறது. அவன் அதன் முகத்துக்கு நம்ம ஊர்க் கறுப்பை அடித்து, நீலச் சட்டை போட்டு, இடது பக்க ஜன்னலோரம் உட்காரவைத்திருந்தான். கூட வந்த கடிதத்தைப் பெரியம்மா எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். "அம்மா, நான் இந்த ஜன்னல்கிட்டதான் உட்கார்ந்து ஓட்டுவேன். என்னைப் பார்க்கணும்னா இதுவழியாப் பாரு."

இரண்டு வருடம் கழித்து அங்கே பனியில் வண்டி சறுக்கி அவன் இறந்துபோனான். எல்லாக் காரியமும் அங்கேயே முடிந்துவிட்டது. இங்கே ஒரு தந்திதான் வந்தது. அதற்கப்புறம் பெரியம்மா தினமும் காலையில் குளித்துவிட்டு, அலமாரி மேல் இருக்கும் வண்டியின் இடது ஜன்னலருகே குனிந்து ஒரு தடவை பார்ப்பார். பிறகுதான் காபி. நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ஏணி பட்டு வண்டி கீழே விழுந்தது. கொக்கி முறிந்தது, இரண்டு சக்கரம் கழன்றது. வேறு சேதமில்லை. பெரியம்மா அதை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஒன் அத்தானுக்கு நல்ல கை வேலைன்னு சொல்றாங்களேம்மா. ஒட்டிக் குடுப்பாரா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தானின் கைவேலை எப்படிப்பட்டது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த அம்மா நின்ற நிலையில் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு சக்கரத்தையும் ஒரு கொக்கியையும் ஒட்டுவதில் ஒரு மனிதர் என்ன கெடுத்துவிட முடியும் என்றும் நினைத்தேன். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அத்தான், ஒட்டணும், அவ்ளோதான். வேற எதையும் தொடாதீங்க. செத்துப்போன புள்ள செஞ்சது."

"எனக்குத் தெரியாதா? பாவம்" என்றார். அவர் கண் கலங்கியது. அதுதான் வினையாகிப் போனது. சாதாரணமாகவே கை சும்மா இருக்காத மனிதர் இரக்கப்பட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

ஒட்டுவதற்கு முன்னால் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். பிரித்தார். பிரித்ததை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். வழிந்த பசையைச் சுரண்டினார். திட்டுத் திட்டான நீலத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். ஒரு மாதம் கழித்து நான் போனபோது, டிரைவர் பொம்மையைத் தவிர அந்தப் பிள்ளையின் கைபட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லாமல், நாற்பது ஐம்பது வெள்ளைத் துண்டுகள் முறத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் இன்னொரு முறத்தில் அக்காவின் வடகம்.

"ஒட்டச் சொன்னா உரிச்சு வச்சிருக்கீங்களே அத்தான்."

"அடிவேலையே சரியில்ல புள்ள. அந்தத் தம்பிக்குப் பொறுமை போதல. நாம நல்லாச் செஞ்சு குடுப்போம், அந்தம்மா சந்தோசப்படட்டும்."

அதற்கப்புறம் அவர் ஒரு அரசாங்க உத்தியோகஸ்தராகவே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கிற லாரிகளின் அடியில் ஸ்கேலோடு படுத்துக்கொண்டு அச்சையும் பட்டையையும் அளந்தார். டிரைவர்கள் முதலில் ஏதோ சோதனைக்கு வந்த அதிகாரி என்று பயந்து இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். விஷயம் தெரிந்த பிறகும் கொடுத்தார்கள், அது வேறு கதை. மாங்கனித் திருவிழாவில் ஊர் முழுக்கக் கையை மேலே நீட்டி, மாடிகளிலிருந்து இறைக்கிற மாம்பழத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அத்தான் ஒருவர் மட்டும் கூட்டத்தின் காலடியில் குனிந்து ஐஸ் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தார். லாரிக்குப் பக்கப் பலகை செய்யவாம். தலையில் இரண்டு மாம்பழம் விழுந்தது. அதையும் கவனிக்கவில்லை.

எல்லாம் இருபத்தைந்துக்கு ஒன்று என்ற கணக்கில் நடந்தது. கடுகை மஞ்சள் பெயின்ட்டில் முக்கினால் எலுமிச்சம்பழம், சீரகத்தைப் பச்சையில் முக்கினால் மிளகாய். இரண்டையும் அக்காவின் தலைமயிரில் கோத்துக் கண்ணேறு படாமல் இருக்க வண்டி முகப்பில் தொங்கவிட்டார். ஊசி மருந்து பாட்டிலின் ரப்பர் மூடியில் மண் தடுப்பு. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் பம்பர். அக்காவின் ரேடியோவிலிருந்து உருவிய ஒயரில் முன் விளக்கு, நிஜமாகவே எரியும். ரேடியோ அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. கேபினுக்குச் சிவப்பும் மஞ்சளும். பின்புறம் தாமரைப்பூ, "ஒலி எழுப்பவும்", புதுச்சேரி நம்பர். பிரான்சிலிருந்து வந்த வண்டி திருவாரூருக்கு ஆற்றுமணல் ஏற்றப் போகிற லாரியாக மாறிவிட்டது.

நான் அடிக்கடி போய்ப் பார்த்தேன், கேலி செய்தேன். லைசென்ஸ் எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவருக்குச் சைக்கிளே ஒழுங்காக ஏறத் தெரியாது. ஸ்டியரிங்கை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த அன்றும் நான் அங்கேதான் இருந்தேன். வழக்கமாக வாய் திறக்காத அக்காகூட அன்று கேட்டாள்.

"அது எதுக்குங்க அந்தப் பக்கம் போவுது?"

"இடது பக்கம் உக்காந்தா எதுக்க வர்ற வண்டி எப்புடித் தெரியும்? நம்ம ரோட்டுல எப்புடி ஓவர்டேக் எடுப்பான்?"

"இது ரோட்டுல போவவா போவுது?"

"போவலேன்னா தப்பா இருக்கலாமா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த நிமிஷத்தில் எனக்குப் பெரியம்மா ஞாபகம் வரவில்லை. அவர் குனிந்து பார்க்கிற ஜன்னல் எது என்று தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு ஞாபகம் வரவில்லை என்பதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று போதாக்குறைக்குத் தார்ப்பாய் செய்துகொள்ளுங்கள் என்று ஒரு பச்சை ரவிக்கைத் துண்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெரியம்மா அந்த மாதங்களில் என்னிடம் நிறைய ரவிக்கை தைத்தார். வந்து உட்கார்ந்து, துணியை நீட்டி, கை எவ்வளவு, கழுத்து எவ்வளவு என்று பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது போகிற போக்கில் கேட்பதுபோல, "ஆச்சாம்மா அது?" என்பார். ஆகப்போகிறது என்பேன். புதுத் துணி தீர்ந்த பிறகு பழைய ரவிக்கையைக் கொண்டுவந்து பிடித்துத் தைக்கச் சொன்னார். அவர் இளைத்துக்கொண்டுதான் வந்தார். எனவே பிடிக்கவும் இருந்தது.

பொங்கலுக்கு விழுந்த வண்டி ஆயுத பூஜைக்குத் தயாரானது. உண்மையைச் சொல்ல வேண்டும். அத்தான் தன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்தது அந்த ஒன்றுதான். அவ்வளவு அழகு. ஆபீஸ் முழுக்க வந்து பார்த்தது. பஸ் ஸ்டாண்டு லாரிக்காரர்கள் வந்து, நிஜ வண்டியைப் பார்ப்பதுபோலக் குத்துக்காலிட்டு அடியில் பார்த்தார்கள். அன்று காலை சந்தனம் குங்குமம் வைத்து, முகப்பில் வாழைக்கன்றுக்குப் பதிலாக வெங்காயத்தாள் கட்டி, முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாகச் சுண்டைக்காய் வைத்து நசுக்கினார். "அளவுக்குக் கொஞ்சம் பெருசுதான்" என்று வருத்தப்பட்டார். பிறகு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வண்டியை ஒரு தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த பெரியம்மா தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, பூஜைக்கு ஏதோ கொண்டுவந்திருக்கிறோம் என்றுதான் நினைத்தார்.

"இந்தாங்கம்மா, உங்க வண்டி."

"எங்க வண்டியா?" என்றார் பெரியம்மா.

அத்தான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்துகாட்டினார். விளக்கை எரியவிட்டார். கொக்கியைக் கழற்றி மாட்டினார். கேபினை முன்பக்கமாகச் சாய்த்து உள்ளே இன்ஜினைக் காட்டினார். கடுகையும் சீரகத்தையும் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். பெரியம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முடித்த பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையை ஊன்றிக் குனிந்து இடது ஜன்னல் வழியாகப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது.

வெகுநேரம் பார்த்தார்.

"எங்கங்க அவன்?"

"யாரும்மா?"

"எம்புள்ள."

"ஓ, டிரைவரா?" என்றார் அத்தான். "அந்தப் பக்கம் மாத்தியிருக்கேம்மா. வெள்ளைக்காரன் ஊருல அப்புடி. நம்ம ஊருல டிரைவருக்கு வலது பக்கம்தான் சீட்டு."

"அவன் நம்ம ஊருல ஓட்டலீங்களே" என்றார் பெரியம்மா.

அத்தான் வண்டியைத் திருப்பி வலது ஜன்னலைக் காட்டினார். டிரைவருக்குக் காக்கிச் சட்டை போட்டு, தோளில் சிவப்புத் துண்டும் போட்டிருந்தார். முகத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார். அவ்வளவு சின்ன பிரஷ் கிடைக்கவில்லை, அதுதான் காரணம். பெரியம்மா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வண்டி ரொம்ப அழகா இருக்குங்க. நீங்களே வச்சுக்குங்க. இவ்ளோ வேலை பாத்திருக்கீங்க. அவன மட்டும் எடுத்துக் குடுத்துருங்க."

"டிரைவர் இல்லாம வண்டி நல்லா இருக்காதும்மா."

"எடுத்துக் குடுத்துருங்க" என்றார் மறுபடியும். குரல் உயரவில்லை.

அத்தான் கேபினைச் சாய்த்து, ஒரு சாமணத்தால் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தார். நன்றாக ஒட்டியிருந்தார். மூன்றாவது இழுப்பில் வந்தது, முழங்காலுக்குக் கீழே இல்லாமல். கால் இரண்டும் சீட்டோடு நின்றுவிட்டன. "ஒட்டிக் குடுக்கறேன்" என்று கையை நீட்டினார். பெரியம்மா அதற்குள் பிள்ளையை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நகத்தால் காக்கிச் சட்டையைக் கொஞ்சம் சுரண்டினார். அடியில் நீலம் தெரிந்தது. தெரிந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார். முந்தானை முனையில் வைத்து முடிந்துகொண்டு, காபி போட எழுந்து போனார்.

அத்தான் காபியைக் குடித்தார். டிகாஷன் இறங்க நேரமாகிறது, பில்டரில் நாலு துளை அதிகம் போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னார். எனக்கு அவரைத் தூக்கி வெளியே எறியலாம் போல இருந்தது. அவர் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிய பிறகு பெரியம்மா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"நான் ஒட்டத்தாம்மா சொன்னேன்."

அவர் அதற்கப்புறம் என்னிடம் ரவிக்கை தைக்க வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். வண்டி மேஜைமேல் இருந்தது. வலது சீட்டில் புது டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தீக்குச்சியில் செதுக்கி, பெயின்ட் அடித்து, பட்டை மீசையும் வைத்திருந்தார். அத்தான் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"பாத்தியா? அந்தம்மாவுக்குப் பழைய டிரைவரப் புடிக்கல. அதான் வண்டியே வேண்டாம்னுட்டாங்க. அது கொஞ்சம் மட்டமான பொம்மைதான், நானும் அப்பவே நெனச்சேன். இத எடுத்துட்டுப் போவோம். கிளம்பு."

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் மறுபடியும் அந்த வீட்டு வாசலில் போய் நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் கதவுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"போவாதீங்க அத்தான். நீங்க செஞ்சது தப்பு. அந்தம்மா தெனமும் அந்த ஜன்னல் வழியா அவங்க புள்ளையப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவன் கையால அடிச்ச பெயின்ட்டச் சொரண்டிட்டீங்க. அவன எடம் மாத்தி உக்காத்திட்டீங்க. அவங்க மனசு ஒடஞ்சுபோச்சு. அங்க இனிமே போவாதீங்க."

இருபது வருஷத்தில் நான் அவரிடம் கேலி இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அத்தான் பொத்தானைப் போடுவதை நிறுத்தி என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லா நடிக்கிற புள்ள. நான்கூட ஒரு நிமிஷம் நெசம்னு நெனச்சுட்டேன்."

மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார். "பாரு, கண்ணுல தண்ணி வேற" என்று அக்காவிடம் என்னைக் காட்டினார். யாரைக் குற்றம் சொல்வது? அவரை அப்படிப் பழக்கியது நான்தான்.

"சரி, குடுங்க. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன். நீங்க வந்தா அவங்க கூச்சப்படுவாங்க" என்றேன். அதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. வண்டியைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். நான் பெரியம்மா வீட்டைத் தாண்டி, தலையைத் திருப்பாமல் நடந்து என் வீட்டுக்குப் போனேன். பீரோ மேல் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் அதை வைத்துத் துணி போட்டு மூடினேன். ஒரு மணி நேரம் கழித்து அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அத்தான் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ரொம்பப் புடிச்சுப்போச்சாம் அத்தான். அலமாரில வச்சுட்டாங்க."

அதை அவர் உடனே நம்பிவிட்டார்.